முன்னறையில் இத்தா

ஹைக்கல் ரிமோட்டை உயர்த்திப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தான். சுவரிலிருந்த ஏர்கோன் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு கீச்சொலி கொடுத்தது. பதினாறுக்குக் கீழே அது இறங்காது. அந்த வீட்டுப் பூனைக்குக்கூட அது தெரியும்.

"இதுக்கு மேல குறையலயே," என்றான்.

"குறையாது," என்றாள் அவன் அம்மா ஹாஜரா.

கட்டிலில் அவள் புருஷன் ஷேக் அலாவுதீன் வெள்ளைத் துணிக்கடியில் மல்லாந்து கிடந்தார். தாடையைச் சுற்றி ஒரு துணி. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு துணி. அடக்கம் லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள்.

"மய்யித்து அதுவரைக்கும் நல்லா இருக்கணும்லம்மா. டெம்ப்பரேச்சர் ரொம்ப முக்கியம்," என்று ஹைக்கல் சொல்லிவிட்டு ரிமோட்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஹாஜரா அந்தப் பையைப் பார்த்தாள். அவர் உயிரோடு இருந்தவரை அந்த ரிமோட்டை வேறு யாரும் தொட்டதில்லை. பகலில் அது அவர் சட்டைப் பையில் கிடக்கும். இரவில் தலையணைக்கடியில். இப்போது அது பையிலிருந்து பைக்கு மாறிவிட்டது. வாரிசுச் சொத்தில் முதலில் கைமாறிய பொருள் அதுதான்.

அவள் ஸ்வெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். பினாங்கில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் இரண்டே வகை. கொடிமலைக்கு ரயிலேறிப் போகும் சுற்றுலாக்காரர்கள் ஒரு வகை. இன்னொரு வகை ஹாஜரா. இந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் ஸ்வெட்டர், காலுறை, காதை மூடி ஒரு துண்டு. வெளியே வந்தால் அத்தனையும் கழற்ற வேண்டும். அவர் படுக்கையில் விழுந்த பிறகு கஞ்சிக்கு ஒருமுறை, மருந்துக்கு ஒருமுறை, மூத்திரப் பைக்கு ஒருமுறை என்று நாள் முழுவதும் போட்டுக் கழற்றியே அந்த ஸ்வெட்டரின் முழங்கை கிழிந்துபோயிருந்தது.

அந்த வீட்டிலேயே நல்ல அறை இதுதான். மேல்மாடி, முன்பக்கம். லிட்டில் இந்தியாவின் தெருவைப் பார்த்தபடி, ஆள் உயரத்துக்கு, குறுக்கே அசையும் சட்டங்கள் அடுக்கிய மூன்று மர ஜன்னல்கள். கடலிலிருந்து கிளம்பும் காற்று தெருமுனையில் திரும்பினால் நேராக இங்கேதான் வந்து நுழையும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த அறையில் காத்தாடியே கிடையாது, தேவைப்படவும் இல்லை. பிறகு அவருடைய துணிக்கடை நன்றாக ஓடிய ஒரு வருடத்தில் ஏர்கோன் வந்தது. சட்டங்களின் இடுக்கு வழியாகக் குளிர் தெருவுக்குப் போகிறது என்று அவருக்குத் தோன்றியது. தான் வாங்கிய குளிரை வழியில் போகிறவன் இலவசமாக அனுபவிப்பதா? ஆசாரியைக் கூட்டி வந்து மூன்று ஜன்னல்களையும் உள்ளிருந்து பலகை வைத்து அறைந்து, சுற்றிலும் சிலிக்கோன் பூசி அடைத்துவிட்டார். அதன்பின் அந்த அறையில் பகலும் இரவும் ஒரே மாதிரி டியூப் லைட் வெளிச்சம்.

ஹாஜராவுக்கு மூட்டுவலி. அந்தக் குளிர் ஆகவில்லை. "உனக்கு ஏர்கோன் ஒத்துக்காதுலா. நீ கீழ படுத்துக்க," என்றார் அவர், பெரிய சலுகை போல. கீழே சமையற்கட்டுக்குப் பக்கத்தில் துணிமூட்டைகள் வைத்திருந்த ஸ்டோர் அறை. அவள் அங்கே படுக்க ஆரம்பித்த பிறகு ஹைக்கல் பள்ளிக்கூடம் முடித்து, பட்டம் வாங்கி, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டான்.

ஹைக்கல் படித்தது கட்டடங்களைப் பற்றி. கட்டடங்களுக்குள் இருக்கிற மனுஷருக்குச் சூடு, குளிர், காற்று, வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அளந்து சொல்வது அவன் வேலை. கோலாலம்பூரில் பெரிய பெரிய ஆபீஸ்களுக்குப் போவான். மேசைக்கு மேசை ஒரு தாளைக் கொடுத்து, 'இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்பான். ரொம்பக் குளிர், குளிர், லேசான குளிர், சரியாக இருக்கிறது, லேசான சூடு, சூடு, ரொம்பச் சூடு. ஏழில் ஒன்றுக்குக் கோடு போட வேண்டும். ஒருமுறை பெருநாளைக்கு வந்தபோது இதை அவன் விவரித்தான். ஏதோ ஓர் ஆபீசில் ஒரு பெண்ணுக்குக் கழுத்தில் குளிர்காற்று படுகிறது என்பதற்காக ஒரு மாடி முழுவதும் குழாய்களை மாற்றி வைத்தானாம். அப்போது அவள் ஸ்டோர் அறை வாசலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் எந்தத் தாளையும் நீட்டவில்லை.

கதவு திறந்து ரோஹானா வந்தாள். அவருடைய தங்கை. யார் வீட்டில் மவுத், சாவு என்றாலும் அந்த வீட்டாருக்கு முன்னால் போய் நிற்பவள். யார் எங்கே உட்கார வேண்டும், யார் எவ்வளவு அழ வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் நடக்கும்.

"மச்சி, அண்ணன் கடைசியா என்ன சொன்னாங்க?"

ஹாஜரா யோசித்தாள். "கதவைச் சாத்தச் சொன்னாங்க."

ரோஹானா கண்ணை மூடிக்கொண்டாள். "துனியாவோட, இந்த ஒலகத்தோட கதவைச் சாத்தச் சொல்லிருக்காங்க. மவுத்த முன்னாலயே பாத்துட்டாங்க என் அண்ணன்."

"இல்ல. குளிர் வெளிய போகுதுன்னு சொன்னாங்க."

ரோஹானா அதைக் காதில் வாங்கவில்லை. சற்று நேரத்தில் கீழே கூடத்தில் அவள் குரல் கேட்டது. துனியாவின் கதவு ஏற்கெனவே மூன்று பெண்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 'சுப்ஹானல்லா' என்றார்கள். அவரைப் பற்றி அவ்வளவு அழகாக ஒரு வார்த்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஹாஜரா சொல்லாமல் விட்டது வேறொன்று. விடிவதற்கு முன் அவர் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினாள். கால் சில்லென்றிருந்தது. அந்த அறையில் கட்டில் கம்பி சில்லென்றிருக்கும், தண்ணீர்க் குவளை சில்லென்றிருக்கும், தஸ்பீஹ் மணி சில்லென்றிருக்கும். அவர் காலும் அப்படித்தான் இருக்கும். போர்வையை இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தாள். விடியற்காலை சுபுஹு பாங்கு கேட்டு எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது. எப்போது போனார் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேட்டவர்களிடம் "பாங்கு நேரத்துல" என்றாள். பாங்கு நேரத்தில் போனவர் என்று அதற்கும் ஒரு சுப்ஹானல்லா கிடைத்தது.

ஆட்கள் மேலே வர ஆரம்பித்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டு குர்ஆனிலிருந்து யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மற்ற மவுத் வீடுகளில் இப்படி இல்லை, ஓதிவிட்டு வெளியே போய் வாசல் நடைபாதையில், அஞ்சடியில் நின்று சிகரெட் பிடிப்பார்கள். இங்கே வெளியில் கொளுத்துகிறது, உள்ளே குளுகுளு. மனுஷரை உயிரோடு இருந்தபோது வந்து பார்க்காதவர்கள் எல்லாம் பக்தியோடு பக்கம் பக்கமாக ஓதினார்கள். அறையில் அத்தர் வாசனை, சாம்பிராணி, ஈரச் சட்டைகளின் வாடை, போன வாரத்து மருந்து வாடை. போக வழியில்லாமல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. சீனி முகம்மது என்ற காசு மாற்றும் கடைக்காரர் இரண்டு தடவை கொட்டாவி விட்டு, மூன்றாவதை யாசீன் கிதாபால் மறைத்தார்.

அலமாரி மேலிருந்து கீக் கீக் என்று ஒரு சத்தம் வந்தது.

எல்லோரும் மய்யித்தைப் பார்த்தார்கள். பிறகு அலமாரியை. அங்கே அவருடைய சொங்கோக் தொப்பி இருந்தது. சத்தம் தொப்பிக்குள்ளிருந்து வந்தது.

ஹைக்கல் எட்டி அதைத் தூக்கினான். அடியில் சோப்புப் பெட்டி அளவுக்கு வெள்ளையாக ஒரு டப்பா. அதில் சிவப்பு விளக்கு. காற்று கெட்டுப்போனால் சொல்லும் கருவி, போன பெருநாளைக்கு அவன் கொண்டுவந்து கொடுத்தது. பச்சை எரிந்தால் நல்லது, சிவப்பு எரிந்தால் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் ஓட்டி வந்த காடி தெருவைத் தாண்டுவதற்குள் சிவப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. அன்று இரவு முழுவதும் எரிந்தது. வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை என்று அவர் அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்துவிட்டார்.

"ஆள் ஜாஸ்தி. கார்பன் டை ஆக்சைட் ஏறிடுச்சு," என்று ஹைக்கல் சபைக்கு விளக்கினான். "நாம விடுற மூச்சையே நாம திருப்பி இழுத்துக்கிட்டு இருக்கோம். ஃப்ரெஷ் ஏர் வரணும்."

"அப்ப ஜன்னலத் தொறந்துடலாமே தம்பி," என்றார் சீனி முகம்மது.

"அது தொறக்க முடியாது மாமா. அத்தா ஸீல் பண்ணிட்டாங்க."

"ஓ," என்றார் அவர். மறுபடி யாசீன் தொடங்கியது. ஹைக்கல் டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான், பின்னால் ஒரு பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொப்பியை எடுத்து அதன்மேலேயே வைத்தான்.

ஹாஜராவுக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண் அவள் தோளை அணைத்து, "அழுதுடு ராத்தா, அழுதுடு," என்றாள்.

*

குளிப்பாட்ட அவரைக் கீழே கொண்டு போனார்கள். அந்தக் காலத்துக் கடைவீடுகளுக்கு நடுவில் வானம் தெரிகிற மாதிரி ஒரு திறந்த இடம் விட்டிருப்பார்கள். மழை அதில் விழும், வெயில் விழும், சமையற்கட்டுப் புகை அதன் வழியாக மேலே போகும். இந்த வீட்டிலும் இருந்தது. ஹைக்கல் பட்டம் வாங்கியதும் செய்த முதல் வேலை, அதன்மேல் பிளாஸ்டிக் கூரை போட்டது. தரை நனையாது, இடம் வீணாகாது, வெளிச்சமும் வரும் என்றான். எல்லாம் உண்மைதான். மழை வரவில்லை. ஆனால் உள்ளே வந்த சூடும் வெளியே போகவில்லை. ஸ்டோர் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்த இடத்தைப் பார்த்துத்தான் இருந்தது. மீன் பொரித்தால் அவள் மறுநாள் காலைவரை மீனோடுதான் படுத்திருப்பாள்.

திரைக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "என்னா வெக்கை, அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி," என்று குளிப்பாட்டுகிறவர்களில் ஒருவர் மூச்சு வாங்கினார்.

"வெளிய காத்து நல்லாத்தான் அடிக்குது. இங்க மட்டும் ஏன்லா இப்படி," என்றார் இன்னொருவர்.

ஹைக்கல் அதற்கு விளக்கம் ஒன்றும் கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ரோஹானா வந்து விஷயத்தைப் போட்டாள். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாமல் ஒதுங்கி இருக்கும் இத்தாவைப் பற்றி.

"மச்சி, ஸ்டோரு ரூமக் கூட்டித் தொடைக்கச் சொல்லிட்டேன். வெள்ளைத் துணி ரெண்டு செட்டு வச்சிருக்கேன். அங்கயே இத்தா இருந்துக்கலாம். ஆம்பளைங்க வருவாங்க போவாங்க, யாரு கண்ணுலயும் படாம இருக்கும். ஜன்னல்ல ஒரு துணிய ஆணி அடிச்சு மாட்டிட்டா முடிஞ்சது."

"ஜன்னல்லயுமா," என்றாள் ஹாஜரா.

"பின்ன? சமையக்கட்டுக்கு கேஸ் கொண்டாரவன் எட்டிப் பாப்பான்ல?"

ஹைக்கலின் மனைவி லைலா கையில் ஒரு சின்ன மின்விசிறியை வைத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அதான் மாமி நல்லது. உங்களுக்கும் பழகின ரூமு. மேல ரூம்ல நாங்க இருந்துக்கறோம். எனக்கு ஏர்கோன் இல்லன்னா மைக்ரேன் வந்துடும்."

"ஆமாம்மா. நாப்பதாம் நாள் பாத்தியா வரைக்கும் நாங்க வாராவாரம் வரணும்ல," என்றான் ஹைக்கல். "உங்களுக்கும் மாடி ஏறுறது சூசா, கஷ்டம். ஸ்டோர்ல ஒரு புது காத்தாடி மாட்டித் தரேன். சீலிங் டைப். ரொம்ப சைலண்ட்டா ஓடும்."

மூவரும் அவளைப் பார்த்தார்கள். எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு ஒருத்தியிடம் சம்மதம் கேட்கிற பார்வை அது. ஹாஜரா அந்த அறையை நினைத்தாள். இத்தனை வருடமும் அங்கே வெந்தபோது அவளுக்கு ஒரு வசதி இருந்தது. தாங்க முடியாமல் போனால் எழுந்து அஞ்சடிக்குப் போகலாம். பாசாருக்குப் போகிற சாக்கில் கடற்கரை வரை நடக்கலாம். இத்தாவில் அது கிடையாது. துணி அடித்த ஜன்னல், சத்தம் போடாத காத்தாடி, நான்கு மாதம் பத்து நாள். அவரை வைக்கப் போகிற குழியிலாவது மண் குளிர்ச்சியாக இருக்கும்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பேசத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

கபன் துணி சுற்றி அவரைக் கூடத்தில் கிடத்தினார்கள். முகத்தை மட்டும் கடைசியாகத் திறந்து காட்டினார்கள். அவர் நெற்றியில் ஒரு துளி நின்றது. குளிப்பாட்டிய தண்ணீராக இருக்கலாம். ஆனால் அவர் வியர்த்து அவள் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. துணிக்கடையில் மூட்டை இறக்கிய நாட்களில் இதே நெற்றியிலிருந்து கண்ணுக்குள் வழியும், இடது கையால் வழித்து உதறுவார். அவள் விரலை நீட்டி அந்தத் துளியை எடுத்தாள். விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே மடக்கி வைத்துக்கொண்டாள்.

தொழுகை நடத்தும் ஹஜ்ரத் பள்ளிவாசலுக்குக் கிளம்புமுன் கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். ஹாஜரா திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஹஜ்ரத், ஒண்ணு கேக்கணும்."

கூடத்திலிருந்தவர்கள் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைப் பலர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"கேளுங்கம்மா."

"இத்தா எங்க இருக்கணும்?"

"கணவர் மவுத்தாகும்போது நீங்க குடியிருந்த வீடு எதுவோ, அங்கதாம்மா இருக்கணும். அவசியமில்லாம வேற இடத்துக்கு மாத்தக் கூடாது."

"அவங்க உயிர் போன ரூம்லயே நான் இருந்துட்டேன்னா?"

ஹஜ்ரத் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். வயதானவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்படி இருக்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்லம்மா. ஆனா நீங்க பிரியப்பட்டா, யாரு வேண்டாம்னு சொல்லப் போறா? புருஷன் மேல இவ்ளோ முஹப்பத் வச்சிருக்கிற பொம்பளைய இந்தக் காலத்துல பாக்கறதே அபூர்வம்." பிறகு கூடத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவங்க இஷ்டப்படி விடுங்க."

ரோஹானா சத்தமாக அழுதாள். "என் அண்ணன் வாசம் இருக்கிற ரூமுய்யா அது. மச்சி மனசுல இவ்ளோ இருந்திருக்கு, நாங்க யாருமே கண்டுக்கலயே." பெண்கள் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். சீனி முகம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஹைக்கல் வாயைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான். மூடிக்கொண்டான். லைலாவின் கையிலிருந்த விசிறி மட்டும் சின்னதாக இரைந்துகொண்டிருந்தது.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது அவன் திரைக்கருகில் வந்து குனிந்தான். "ம்மா, அப்ப ஏர்கோன இருபத்துநாலுல வச்சுக்குங்க. உங்க வயசுக்கு அதான் கம்ஃபர்ட்." பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, ஒரு கணம் தயங்கி, அவள் கையில் வைத்தான்.

"சரிப்பா," என்றாள்.

*

ஆண்கள் போனதும் வீட்டில் சத்தம் அடங்கியது. பெண்கள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹாஜரா குளித்து, வெள்ளை உடுத்தி, சமையற்கட்டுக்குள் போய்த் தோசைக் கரண்டியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறினாள். மாடி ஏறுவது ஒன்றும் சூசாவாக இல்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு எத்தனை தடவை ஏறிய படி.

கதவைத் தாழிட்டாள். ரிமோட்டை அமுக்கி ஏர்கோனை அடைத்தாள். அது கடைசியாக ஒரு தடவை கீச்சிட்டு, இறகை மெதுவாக மூடிக்கொண்டது.

சிலிக்கோன் வருடக்கணக்கில் காய்ந்து ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. கரண்டியின் விளிம்பை உள்ளே செருகி இழுத்தால் நீளநீளமாக உரிந்து வந்தது, கெட்டுப்போன இறால் குடல் மாதிரி. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் கரண்டியைப் போட்டு நெம்பினாள். ஆணிகள் துருப்பிடித்திருந்தன. ஒரு மூலை விட்டது. இரண்டு கையாலும் பிடித்து, பாரத்தை எல்லாம் பின்னால் போட்டு இழுத்தபோது பலகை அவளோடு சேர்ந்து வந்து கட்டிலில் விழுந்தது.

அதன் முதுகு முழுவதும் கருப்பு. குளிர்ப் பக்கத்துக்கும் சூட்டுப் பக்கத்துக்கும் நடுவில் தண்ணீர் கோத்து, பூசணம் பூத்து, பூத்ததின் மேலேயே மறுபடி பூத்து, கம்பளி மாதிரி தடிப்பாக இருந்தது. கட்டிலில் தலைவைக்கிற பக்கம் இந்தச் சுவரோரம்தான். இத்தனை வருடம் அதற்கு ஒரு முழத்தில் மூக்கை வைத்து அவர் தூங்கியிருக்கிறார், ஒரு துளி குளிர்கூட வெளியே போகக் கூடாது என்று காவல் காத்துக்கொண்டு.

"மடையன்," என்றாள் ஹாஜரா. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் ஒருமையில் சொன்னது அதுதான் முதல்முறை. சொல்லிவிட்டு, பலகை விழுந்ததில் கசங்கிய விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

ஜன்னலின் தாழ்ப்பாள் அசையவில்லை. கரண்டியின் பிடியால் நான்கு தட்டு தட்டினாள். ஐந்தாவதில் விட்டது. கதவை முழுவதும் திறக்கவில்லை. சட்டங்களை மட்டும் நிமிர்த்தினாள். பழைய தேக்கு, முனகிக்கொண்டே நிமிர்ந்தது.

முதலில் வந்தது சூடு. பிற்பகல் தெருவின் சூடு, தாரோடும் மசாலாவோடும் பெட்ரோலோடும் சேர்ந்து உள்ளே ஏறியது. அறையிலிருந்த குளிர் கொஞ்ச நேரம் எதிர்த்து நின்றது, பிறகு இருந்த இடம் தெரியாமல் போனது. அவளுக்கு வியர்த்தது. ஸ்வெட்டரைக் கழற்றிக் கதவு மூலையில் போட்டாள். ஜன்னலருகில் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. "மச்சி, என்னா சத்தம் அது? தொறங்க."

திறந்தாள். ரோஹானா ஒரு கையில் சோற்றுத் தட்டோடு நின்றாள். பலகையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"அலாமாக். என்னா மச்சி இது? இத்தா இருக்கிற பொம்பள தெருவுப் பக்கம் ஜன்னலத் தொறப்பாளா? தெருவே பாக்கும்."

"பாக்காது."

"எப்படிப் பாக்காது?"

"நீயே வந்து பாரு."

ரோஹானா தட்டை வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திருடப் போகிறவள் மாதிரி ஜன்னலருகில் வந்தாள். சட்டங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தன. உள்ளிருந்து தெரு முழுவதும் தெரிந்தது. தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மரத்தின் அடிப்பக்கம்தான் தெரியும். கட்டினவன் அப்படித்தான் கட்டியிருந்தான்.

"அட," என்றாள் ரோஹானா. கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்க பாரு மச்சி, நகைக்கடைக்காரன் பொண்டாட்டி. மவுத்து வீட்டுக்கு வர நேரமில்ல, வளையல் பாக்க நேரமிருக்கு." இன்னும் கொஞ்சம் பார்த்தாள். "சீனி முகம்மது மகன் சிகரெட்டு புடிக்கிறான். அடக்கத்துக்கு மையவாடிக்குப் போகல அவன். இருக்கட்டும், அவன் அம்மாகிட்ட சொல்றேன்."

அப்போது காற்று வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. தெருமுனையில் திரும்பி, எதிர்வீட்டுக் கொடியை அசைத்து, சட்டங்களின் வழியாக உள்ளே நுழைந்து அவர்கள் முகத்தில் பட்டது. ரோஹானா பேச்சை நிறுத்தினாள். முக்காட்டின் ஊசியைக் கழற்றினாள். கழுத்தைக் காற்றுக்கு நேராகக் காட்டிக்கொண்டு ஜன்னலடியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என் ஃபிளாட்டுல ஒரு ரூமுக்கும் இந்த மாதிரி காத்து கெடையாது மச்சி. அடுத்த பிளாக்கு மறைச்சிருச்சு. ராத்திரியெல்லாம் ஈரத் துண்ட மேல போட்டுக்கிட்டுத்தான் படுக்கறேன்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் மவுத் வீடுகளில் கேட்கிற எதுவும் இல்லை. "ஒரு தலகாணி இருந்தா குடுங்க. அசர் தொழுகை வரைக்கும் சாஞ்சுக்கறேன்."

ஹாஜரா கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துப் போட்டாள். அண்ணனுடையது என்று ரோஹானா கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசாமல் படுத்துக்கொண்டாள்.

கீழே ஆண்கள் திரும்பி வந்த சத்தம் கேட்டது. படியில் காலடி. "ம்மா," என்றான் ஹைக்கல் கதவுக்கு வெளியே நின்று. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சதும்மா."

"சரிப்பா."

அவன் போகவில்லை. "ம்மா, லைலாவுக்குத் தலைவலி. கீழ ஸ்டோருல படுக்க வச்சேன், அங்க ரொம்ப பானாஸ், சூடு தாங்கல, மூச்சு முட்டுதுங்கிறா. எப்படிம்மா அதுல... கொஞ்ச நேரம் இங்க வந்து படுத்துக்கட்டுமா?"

ஹாஜரா பதில் சொல்வதற்குள் தரையிலிருந்து ரோஹானா கண்ணைத் திறக்காமலேயே குரல் கொடுத்தாள். "டேய், இது இத்தா ரூம்டா. ஓட்டல் ரூமு இல்ல. போ கீழ."

"வரட்டும்," என்றாள் ஹாஜரா. "ஏர்கோன் அடைச்சாச்சு. ஜன்னல் தொறந்திருக்கு. அது சரின்னா வரச் சொல்லு."

கதவுக்கு அடியில் தெரிந்த அவன் நிழல் நகரவில்லை. ஜன்னல் என்று அவள் சொன்னதை அவன் யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு படியாகக் காலடி கீழே இறங்கிப் போனது.

ரோஹானா தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. சட்டங்களின் நிழல் அவள் முதுகில் கோடு கோடாகக் கிடந்தது. ஹாஜரா சோற்றுத் தட்டை அவள் கால் படாத இடத்துக்கு நகர்த்திவிட்டு, சுவரில் சாய்ந்தாள். பிடரியில் வியர்வையில் ஒட்டிக் கிடந்த முடி, ஒன்று ஒன்றாகக் காய்ந்து, கழுத்தைவிட்டு எழும்பி அசைந்தது.